கையுறை நின்ற இடம்

ஆட்டம் தொடங்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. லோனி டார்வர் மைதானத்துக்கு வெளியே தன் வண்டிக்குள் உட்கார்ந்து, அம்பயர் முகக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு, கம்பி வலைக்குப் பின்னால் வந்து உட்காரும் ஆட்களை எண்ணினான். பதினோரு பேர். எல்லார் கையிலும் வேகம் அளக்கும் கருவி. தொழில்முறை அணிகளுக்காக ஆள் தேடி ஊர் ஊராகச் சுற்றும் ஸ்கவுட்டுகள்.

வாரத்தில் ஐந்து நாள் கிணற்று பம்பு பழுதுபார்ப்பதும், வசந்த காலம் வந்தால் பள்ளிக்கூட பேஸ்பால் ஆட்டங்களுக்கு அம்பயராக நிற்பதும்தான் லோனியின் பிழைப்பு. பத்தொன்பது வருஷம். மனைவி ஜோலீன் சமைத்ததைக் குறை சொல்லாதவன், அடுத்தவர் வம்புக்குப் போகாதவன். போன வருஷம் மட்டையில் உரசித் திரும்பிய பந்து ஒன்று முகக்கவசத்தோடு சேர்த்து அவன் தாடையைப் பெயர்த்தது. ஆறு வாரம் வாயைக் கம்பியால் கட்டிவிட்டார்கள்; சோளக் கஞ்சியைக் குழல் வைத்து உறிஞ்சினான். தாடை கூடிவிட்டது. ஆனால் வேகப் பந்து வந்தால் கண் தானாக மூடிக்கொள்கிறது. இதை அவன் ஜோலீனிடம்கூடச் சொல்லவில்லை.

மெதுவாக எறியும் பையன்களிடம் சமாளித்துவிடுவான். வேகமாக எறிந்தால், சத்தம் கேட்டதும் கண்ணைத் திறந்து, பந்தைப் பிடிக்க முன்னால் குந்தியிருக்கும் கேட்சரின் கையுறை எங்கே நிற்கிறதோ அதைப் பார்த்து, பந்து எல்லைக்குள் வந்த ஸ்ட்ரைக்கா இல்லையா என்று சொல்லிவிடுவான். "கண்ணத் தொறந்து பாருய்யா!" என்று பெற்றோர் கத்துவது எந்த அம்பயருக்கும் புதிதல்ல. லோனிக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் உயிர் போய் உயிர் வரும்.

இன்றைய பிட்சர் தொண்ணூற்று நாலு மைல் வேகத்தில் எறிகிறவன். அவனுடைய கேட்சர் மைக்கா பீலர். முதல் இரண்டு சுற்றில் மைக்கா அசத்தினான். ஓடும் எதிரணி ஆளை மடக்க இரண்டாம் தளத்துக்கு அவன் எறிந்த வேகத்தைப் பார்த்து ஸ்கவுட்டுகள் தலையாட்டிக்கொண்டார்கள். ஓரத்தில் நழுவும் பந்தைப் பிடித்த கையோடு ஒரு விரல்கடை உள்ளே இழுத்து, ஸ்ட்ரைக் போலக் காட்டும் நளினமும் அவனிடம் இருந்தது. ஸ்கவுட்டுகள் அதற்காகவே தவம் கிடப்பார்கள்.

மூன்றாம் சுற்றில் ஒரு பந்து. தடார் என்ற சத்தம். லோனி கண்ணைத் திறந்தான். கையுறை நட்டநடுவில் நின்றது. "ஸ்ட்ரைக்!"

எதிரணிப் பக்கமிருந்து எழுந்த கூச்சலில் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று புரிந்தது. மைக்கா தலையைத் திருப்பவில்லை. திரும்பிப் பேசினால் அம்பயரை நாலு பேர் முன்னால் அவமதித்ததாக ஆகிவிடும். முன்னால் பார்த்தபடியே முணுமுணுத்தான்.

"சார், அது ஒரு முழம் வெளிய வந்துது. நாந்தான் சும்மா உள்ள இழுத்துப் பாத்தேன்."

லோனி ஆட்டத்தை நிறுத்தி, மட்டைக்காரன் காலடியில் பதித்த, ஏற்கெனவே சுத்தமாக இருந்த தட்டைத் தூரிகையால் துடைக்கக் குனிந்தான். அம்பயர் கேட்சரோடு ரகசியம் பேச அதுதான் வழி.

"யார்கிட்டயும் சொல்லிடாதப்பா."

"வேகமா வந்தா கண்ண மூடிக்கிறீங்க, இல்ல?"

"தாடை ஒடஞ்சதுலேருந்து. பயமா இருக்கு தம்பி."

"எனக்கும் பயந்தான் சார். நான் மூடினா பந்து உங்க மேல வருமே, அதான் மூடல." மைக்கா கையுறைக்குள் ஒரு குத்து விட்டுக்கொண்டான். "இனிமே பந்த எங்க புடிக்கிறேனோ கையுறை அங்கேயே நிக்கும். அதப் பாத்துச் சொல்லுங்க."

லோனியின் குடுமி பையன் கையில் சிக்கிவிட்டது. அவன் நினைத்தால் அன்றைய ஆட்டத்தையே சுருட்டியிருக்கலாம். சொன்னபடியே கையுறையை அசைக்காமல் வைத்திருந்தான். தரையில் குத்தி எகிறிய பந்துகளைத் தோளிலும் நெஞ்சிலும் வாங்கினான். ஒன்றுகூட லோனியைத் தொடவில்லை. வலைக்குப் பின்னால் ஸ்கவுட்டுகள் ஒருவரையொருவர் பார்த்து உதட்டைப் பிதுக்குவது மட்டும் லோனியின் காதுக்கு எட்டாமலே முதுகுக்கு எட்டியது.

கடைசிச் சுற்று. மூன்று தளத்திலும் எதிரணி ஆள், ஆட்டம் சமநிலை. இந்தப் பந்து ஸ்ட்ரைக் என்றால் மட்டைக்காரன் அவுட். இல்லையென்றால் மட்டைக்காரனுக்கு முதல் தளம் இனாம், மூன்றாம் தளத்தில் நிற்பவன் நடந்தே வந்து எதிரணிக்கு வெற்றி. பந்து வந்தது. லோனி கண்ணைத் திறந்தபோது கையுறை மூன்று விரல்கடை வெளியே நின்றது. இழுடா மகனே, இழுத்துடு என்று மனசுக்குள் கெஞ்சினான். அது இம்மிகூட நகரவில்லை.

ஸ்ட்ரைக் இல்லை என்று லோனி சொன்னான். மைக்காவின் அணி தோற்றது. "குருட்டுப் பயலே, பம்பு கழட்டவே போடா!" என்று பெற்றோர் கத்தினார்கள்.

வண்டியடியில் கிர்பி காத்திருந்தார். பழைய ஸ்கவுட். கேட்சரைப் பற்றிப் பின்னால் நின்ற அம்பயரிடம் கேட்காமல் அவர் ஊர் திரும்பமாட்டார்.

"லோனி, அந்தப் பீலர் பையனுக்கு என்னய்யா ஆச்சு? ரெண்டு சுத்து வெண்ணெய் மாதிரி கை. அப்புறம் தூங்கிட்டான். கடைசிப் பந்த இழுக்கக்கூடத் தெரியல. பேர அடிச்சிடவா?"

தூரத்தில் மைக்கா தோளில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். லோனி ஒரு வார்த்தை சொன்னால் பத்தொன்பது வருஷமும் இன்றோடு சரி. காலையில் காபிக் கடையில் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு உட்காருவது? லோனி வண்டிக் கதவைத் திறந்தான்.

"அவன் தூங்கல, கிர்பி. நாந்தான் கண்ண மூடிட்டிருந்தேன்."

"எந்தப் பந்துக்கு?"

"எல்லா வேகப் பந்துக்கும். அவனுக்கு மூணாவது சுத்துலயே தெரியும்."

கிர்பி காதிலிருந்து எடுத்த பேனாவைத் திரும்பவும் காதிலேயே செருகினார். "அப்போ இவ்வளவு நேரம் அம்பயரா நின்னது யாருய்யா?"

லோனி முகக்கவசத்தை வண்டிக்குள் போட்டுக் கதவைச் சாத்தினான்.

"அவந்தான்."