சமாதானத்துக்குக் கை தூக்கினேன், சேவல் வந்தது

செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. காலை 11.40. வெயில் கொளுத்தியது, கடற்காற்று இன்னும் புறப்படவில்லை. ராயபுரத்தில் எங்கள் சர்ச் காம்பவுண்டில் ஷாமியானாவின் கீழ் சுமார் இருநூறு பேர், மூன்று ஃபேன். அதில் ஒன்று சுற்றவில்லை.

அன்று அறுப்பின் பண்டிகை. தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். விளைச்சலில் ஒரு பங்கை ஆண்டவருக்குப் படைக்கிற நாள் இது. ராயபுரத்தில் என்ன விளையும்? அதனால் மார்க்கெட்டில் வாங்கிய பூசணிக்காய், வாழைத்தார், முட்டை, ஊறுகாய் பாட்டில் என்று கொண்டுபோய்ப் படைப்போம். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். நாம் கொண்டுபோன பூசணியை நாமே நாலு மடங்கு விலைக்கு வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீடு திரும்புவோம்.

எனக்கு அன்று பூசணியில் மனசில்லை. வேறு வேலை இருந்தது — என் சகலை செல்வராஜோடு சமாதானம் ஆக வேண்டும். அதுவும் அன்றைக்கே. மறுநாள் காலை அவனுக்கு ஹெர்னியா ஆபரேஷன்.

செல்வராஜ் என் மனைவியின் தங்கை வீட்டுக்காரன். என்னைவிட ஆறு வயது சின்னவன். போன வருஷம் அவன் மகள் கல்யாணத்தில் நான் ஒரு உதவி செய்தேன். அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

என்ன உதவி? நான் துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் மூட்டை எண்ணியவன். ரிட்டயர் ஆகியும் கண் தானாக எண்ணும். கல்யாணப் பந்தியில் பிரியாணி நானூறு இலை என்று சமையல்காரர் கணக்குச் சொன்னார். நான் எண்ணியது முந்நூற்று அறுபத்திரண்டு. விடுவேனா? “செல்வராஜ், முப்பத்தெட்டு இலைக்கு உன்னை ஏமாத்திட்டான்” என்று சொன்னேன். சொன்ன இடம் பந்தி. சாப்பிட்டுக்கொண்டிருந்தது சம்பந்தி வீட்டார். பன்னிரண்டு கைகள் வாய்க்குப் போகும் வழியில் நின்றன...

கணக்கு சரிதான். இன்றைக்கும் சொல்வேன்.

ஆனால் இந்தப் பண்டிகைப் பிரசங்கத்தில் போதகர் ஒரு போடு போட்டார். உங்கள் மேல் யாருக்காவது மனக்குறை இருப்பது ஞாபகம் வந்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் போய் சமாதானம் ஆகுங்கள் என்றார். கேட்டுத் தலையாட்டினால் போதாது, செய்ய வேண்டும் என்றார். யார் பக்கம் நியாயம் என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். சேர்க்கவில்லை.

என் மனைவி எஸ்தர் முழங்கையால் இடித்தாள்.

“கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“நாளைக்கு மயக்க மருந்து குடுத்து உள்ள கூட்டினு போவாங்க. அதுக்குள்ள ஒரு வார்த்தை பேசிடுங்க. என் தங்கச்சி ராத்திரியெல்லாம் அழுவுறா.”

சரி, பேசிவிடலாம். எப்படி? நேராகப் போய் நின்றால் எல்லார் முன்னாலும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டால்? வயசான காலத்தில் அவமானம். அதனால் ஒரு திட்டம் போட்டேன். ஏலத்தில் எதிர்வரிசையில் நிற்பான், கண்ணைப் பார்த்துக் கையைத் தூக்குவோம். அவனும் தூக்கினால் அப்புறம் போவோம். பாதுகாப்பான கீழ்ப்படிதல்.

இங்கே முருகேசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். காசிமேட்டில் தினமும் விடியற்காலை மீன் ஏலம் விடுகிறவர். கார்த்திகையில் மாலை போட்டு மலைக்குப் போகிறவர். ஆனாலும் போதகர் கூப்பிட்டால் வருஷா வருஷம் காசு வாங்காமல் வந்து எங்கள் ஏலத்தை நடத்திக்கொடுப்பார். அவரிடம் ஒரு பழக்கம் — யாரும் வாயைத் திறந்து விலை சொல்ல வேண்டாம். விரலை அசைத்தால் போதும். ஒரு விரலுக்கு நூறு ரூபாய்.

ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கியபோது மேஜை மேல் ஒரு நாட்டுச் சேவல் நின்றது. கால் கட்டியிருந்தது, பார்வை கட்டியிருக்கவில்லை. எல்லாரையும் முறைத்தது.

“ஐநூறு, செல்வராஜ் அண்ணன் ஐநூறு” என்றார் முருகேசன்.

செல்வராஜ் என் பக்கம் திரும்பினான். இதுதான் சமயம் என்று ஆள்காட்டி விரலைத் தூக்கி ‘நான்தான்’ என்று காட்டினேன்.

“பெர்சு அறுநூறு” என்று என்னைக் காட்டினார்.

செல்வராஜின் முகம் மாறியது. ஒரு விரலைத் தூக்கினான்.

“எழுநூறு.”

ஐயோ, நான் ஏலம் கேட்கவில்லை. இல்லை இல்லை என்று உள்ளங்கையை விரித்து ஆட்டினேன்.

“அஞ்சு விரலு. ஆயிரத்தி இருநூறு. பெர்சு இன்னிக்கு ஒரு முடிவோட வந்துகீது.”

கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். செல்வராஜ் என்னை முறைத்துக்கொண்டே ஆயிரத்து முந்நூறு ஆக்கினான். எஸ்தர் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“கைய கீழ போடுங்க.”

போட்டிருக்கலாம். ஆனால் அவன் கண்ணில் இருந்த கோபத்தைப் பார்த்ததும் எனக்குப் பதறிவிட்டது. இந்தக் கோபத்தோடேயா ஆபரேஷனுக்குப் போவான்? மன்னித்துவிடு என்று இரண்டு கையையும் கூப்பினேன்.

“பத்து விரலு. ரெண்டாயிரத்தி முந்நூறு. இன்னா சார், சேவல் முட்டை போடும்னு எவனாவது சொன்னானா?”

இருநூறு பேரும் சிரித்தார்கள். செல்வராஜ் சிரிக்கவில்லை. இரண்டாயிரத்து நானூறு.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு எதிர்வரிசைக்கு நடந்தேன். அடிதடி என்று நினைத்துப் போதகர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

“இன்னா அண்ணே வேணும் உனுக்கு?” என்றான் செல்வராஜ். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. “அன்னிக்கு சம்பந்தி எதிர்ல மானத்த வாங்கின. இன்னிக்கு சபை எதிர்லயா? ஆபரேஷனுக்கு முன்னாடி ஆயிரம் ரூபாய்க்கு ஏலத்துல எதுனா எடுக்கறேன்னு ஆண்டவர்கிட்ட வேண்டிகினு பொருத்தனை பண்ணிகிறேன். அதுகூட உனுக்குப் பொறுக்கலயா?”

“தம்பி, நான் சேவலுக்குக் கை தூக்கல.”

“பின்ன இன்னாத்துக்குத் தூக்கின?”

“உனக்குத்தான் தூக்கினேன். அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. பந்தியில கணக்குப் பார்த்தது தப்பு. மன்னிச்சிடு.”

அவன் குரலைத் தாழ்த்தினான்.

“முப்பத்தெட்டு இலைன்றது நெஜமா?”

“நிஜம்.”

“அந்த சமையக்காரன் கலீஜு புட்ச்சவன் அண்ணே. எனுக்கே சந்தேகம்தான்” என்றான். உதடு கோணியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று பார்ப்பதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் அவன் கையைப் பிடித்துத் தூக்கி, இதோ சமாதானம் ஆகிவிட்டோம் என்று எஸ்தருக்குக் காட்டினேன்.

அதுதான் தப்பு.

“ரெண்டு பேரு கையும் மேல கீது. கூட்டா கேக்குறாங்க” என்றார் முருகேசன். “ரெண்டாயிரத்தி ஐநூறு. ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம். சகலைங்க ரெண்டு பேருக்கும் சேவல்.”

ஒரு சேவலைக் கூட்டாக வாங்கி என்ன செய்வது? அவன் ஆஸ்பத்திரிக்குப் போகிறான். நான் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். கடவுளுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் எப்போதும் தூரத்தில் நின்று, ஜாடையில், அடுத்தவன் என்ன செய்கிறான் என்று பார்த்துவிட்டுக் கீழ்ப்படியலாம் என்று நினைக்கிறேன். நீங்களும் அப்படித்தானே? போ என்றுதான் கட்டளை. கையை ஆட்டு என்று இல்லை. முதலிலேயே நடந்து போயிருந்தால் இருபதடி தூரம். ஒரு பைசா ஆகியிருக்காது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. செல்வராஜ் வார்டிலிருந்து தினமும் போன் செய்கிறான். முதலில் சேவல் எப்படி இருக்கிறது என்று கேட்கிறான், அப்புறம்தான் அக்கா எப்படி இருக்கிறாள் என்று. அவன் வந்து பார்க்கும்வரை யாரும் அதன் மேல் கை வைக்கக் கூடாதாம். பால்கனியில் நிற்கிறது. விடிவதற்கு முன்பே கூவி மூன்று மாடியையும் எழுப்புகிறது. கீழ்வீட்டுக்காரர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அடுத்த சமாதானத்துக்கு அங்கேதான் படியிறங்க வேண்டும்.

இனி செலவு. செல்வராஜின் பர்ஸில் பொருத்தனைப் பணம் ஆயிரம்தான் இருந்தது; கொடுத்தான். மீதி ஆயிரத்து ஐநூறு நான் கட்டினேன். கூடை அறுபது. ஆட்டோ நூற்றைம்பது — சேவலுக்குத் தனியாக இருபது கேட்டார், கொடுக்கவில்லை. தீனிக்குக் கம்பு நாற்பத்தைந்து.

அவன் பாதியில் இன்னும் இருநூற்றைம்பது பாக்கி. வாயைத் திறக்காமல் இருக்கிறேன். என் வாழ்க்கையிலேயே மிகக் கஷ்டமான கீழ்ப்படிதல் இதுதான்.

ஆகவே அதையும் என் கணக்கிலேயே வைத்து, மொத்தம் 1,755 ரூபாய்.