துரை குடித்தது இரண்டு விரல்

புட்டியின் வாயில் இருந்த சிவப்பு அரக்கைப் பார்த்ததுமே வீராசாமிக்கு அது எந்தப் புட்டி என்று தெரிந்துவிட்டது. தெரியாமல் எப்படி இருக்கும்? அந்த அரக்கை உருக்கி வைத்தவனே அவன்தான்.

சித்தூரில் ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் வீட்டில் பதினெட்டு வருஷம் பட்லராக இருந்தவன் வீராசாமி. சீமையிலிருந்து வரும் விஸ்கி ஒரே ஆலையில் காய்ச்சியதா, பல ஆலைச் சரக்கைக் கலந்ததா, மரப்பீப்பாயில் பத்து வருஷம் கிடந்ததா இருபதா என்று ஒரு சொட்டில் சொல்லிவிடுவான். துரையே சிநேகிதர்களிடம் பந்தயம் கட்டிவிட்டு அவனைக் கூப்பிட்டு நிறுத்துவார். அப்படியொரு நாக்கைக் கொடுத்த கடவுள் அதைக் கட்டிவைக்கக் கயிறு கொடுக்கவில்லை. துரை பொத்திப் பொத்தி வைத்திருந்த இருபத்தைந்து வருஷத்துப் புட்டியில் அவர் குடித்தது இரண்டு விரல் அளவு. மீதியெல்லாம் வீராசாமியின் வயிற்றுக்குள் போனது. மலைச் சாராயத்தில் வெல்லத்தைக் கருக்கிக் கலந்து புட்டியை நிரப்பி, தபால் அரக்கால் மூடிவைத்தான். நாற்பத்தேழில் துரை அவசரமாகக் கப்பலேறினார். ஏலத்தில் வீட்டுச் சாமான்களோடு புட்டியும் கோவர்த்தன நாயுடுவின் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது.

துரை போனபின் வீராசாமி அதே மலைச் சாராயத்தில் விழுந்து கிடந்தான். மறுவருஷம் அவன் மனைவி சென்னம்மா அவனைக் காணிப்பாக்கத்துக்கு இழுத்துப் போய், குளத்தில் முங்கவைத்து, ஈரவேட்டியோடு பிள்ளையார் முன்னால் சத்தியம் வாங்கினாள். அங்கே பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்பட்டதாக அந்தப் பக்கத்தில் பேச்சே கிடையாது. பதினோரு வருஷமாக ஒரு சொட்டு நாக்கில் படவில்லை.

இப்போது சித்தூர்ப் பக்கத்துக்கும் மெட்ராஸ் ராஜ்யத்துக்கும் நடுவே எல்லை பிரிக்கிறார்கள். குடிபாலாவுக்குத் தெற்கே நாயுடுவுக்கு இருந்த நிலம் மெட்ராஸ் பக்கம் போவது முடிவாகிவிட்டது. இரண்டு ராஜ்யத்தில் யார் வரி கட்டுவது என்று அவர் அதை விற்கப் புறப்பட்டார். வீராசாமியின் குடிசை இருந்ததும் அந்த நிலத்தில்தான்.

"கோலார் காண்ட்ராக்டர் சிட்டிபாபு இந்தப் புட்டிக்குத் தன் ஜீப்பையே குடுக்கறேன்றாரு. நீ நல்ல சரக்குன்னு சொன்னாத்தான் நம்புவாராம். சொல்லிடு, உன் குடிசை இருக்கற அஞ்சு சென்ட்ட உன் பேருக்கு எழுதிட்றேன்" என்றார் நாயுடு.

நாயுடு வீட்டில் மதுவிலக்குப் போலீசுக்குப் பயந்து பட்டப்பகலிலேயே கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. உள்ளே நாயுடு, சிட்டிபாபு, வீராசாமி மூன்று பேர்தான்.

"வாயில வெக்க வேணாம் வீராசாமி. உன் சத்தியத்த நான் ஏன் கெடுக்கணும்?" என்றார் சிட்டிபாபு பெருந்தன்மையாக. "மோந்து பாரு. பாத்துட்டு, காணிப்பாக்கம் பிள்ளையார் மேல ஆணையா அசல்தான்னு ஒரு வார்த்த சொல்லு. போதும்."

முன்னால் போனால் கடிக்கும், பின்னால் வந்தால் உதைக்கும். அசல் என்றால் பிள்ளையார் விடமாட்டார். போலி என்றால் துரை வீட்டுப் புட்டியில் கலந்தது யார் என்று கேட்பார்கள்.

அரக்கை உடைத்து, நான்கு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து முகர்ந்தான். அசலில் முதலில் தேன் வரும், பிறகு நனைந்த மரம், கடைசியில் எங்கோ தூரத்துப் புகை. இதில் கருகிய வெல்லம்தான் மூக்கில் ஏறியது. அவனுடைய சொந்தக் கைவண்ணம்.

"செப்புரா!" என்று அதட்டினார் நாயுடு.

"அய்யா, மன்னிச்சிடுங்க. தொரை குடிச்சது ரெண்டு வெரல். மீதிய நான்தான் திருடிக் குடிச்சேன். இது மலைச் சாராயம்."

சிட்டிபாபு அவனையும் புட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு கிளாசில் ஊற்றி மடக்கென்று குடித்தார். கண்ணை மூடினார். அசல் எப்படி இருக்கும் என்று அந்த மனுஷனுக்கு என்ன தெரியும்!

"அடேங்கப்பா! இருபத்தஞ்சு வருஷம் தொண்டையில எறங்குது. இவன் மூக்கு செத்துப்போச்சு நாயுடுகாரு. இதப்போயி சாராயம்ன்றான்!"

ஜீப் சாவி கைமாறியது. சிரித்துக்கொண்டே அவரை வழியனுப்பிவிட்டு வந்த நாயுடு சிரிப்பை நிறுத்தினார்.

"வியாபாரத்தையே கெடுக்கப் பாத்தல்ல? அஞ்சு சென்ட்டும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. மாசம் முடியறதுக்குள்ள குடிசையப் பிரிச்சிக்கினு போ."

வீடு வந்து வீராசாமி எல்லாவற்றையும் சொன்னான். உண்மை பேசியதற்காவது சென்னம்மா ஒரு நல்ல வார்த்தை சொல்வாள் என்று அவனுக்கு நப்பாசை. அவள் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். அவள் கையால் வேய்ந்த கூரை.

"குடிக்க மாட்டேன்னுதான்யா சத்தியம் வாங்கினேன்" என்றாள். "பொய் சொல்லக்கூடாதுன்னு நான் எப்பயா சொன்னேன்?"