சாய்ந்தே கிடந்த மெஷின்

மழை தொடங்கி ஒரு வாரம் ஆனால் போதும், புல்வெட்டும் மெஷின்கள் மெக்கானிக் வீட்டு வாசலில் வந்து குவிந்துவிடும். மாதக்கணக்கில் மூலையில் கிடந்ததை, புல் முழங்காலைத் தொட்ட பிறகுதான் ஆட்கள் நினைத்துப் பார்ப்பார்கள். கயிற்றை இழுப்பார்கள். கிளம்பாது. திட்டுவார்கள், ஓர் உதை விடுவார்கள், பிறகு தள்ளிக்கொண்டு வருவார்கள்.

"நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சுங்க" என்பார்கள். நேற்று என்றால் போன வருஷம்.

மெக்கானிக்குக்கு இந்த வேலையில் பாதி ஆயுள் போயிருந்தது. வலது தோளும் கூடவே போயிருந்தது. சட்டை மாட்டவே மனைவி கை கொடுக்க வேண்டும் என்று ஆனபிறகு, பட்டறையில் கயிறு இழுக்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி முதலில் டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். நாள்பட்ட பெட்ரோலில் பழைய பெயிண்ட் மாதிரி ஒரு வாடை அடிக்கும். பாதி மெஷின்களுக்கு அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினாலே உயிர் வந்துவிடும். வராவிட்டால் பிளக்கைக் கழற்றுவார். காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை, கார்புரேட்டரில் அடைப்பு. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, அதைப் பற்றவைக்கும் தீப்பொறிதான் சந்தேகம். பிளக்கை இஞ்சின் உடம்பில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு "இழு" என்பார். அவள் இழுப்பாள்.

"பொறி வந்துச்சா?"

"சரியாத் தெரியல. கண்ணாடி போடல. இன்னொரு தடவை இழு."

"போட்டுட்டுக் கூப்பிடக் கூடாதா? என் கை என்ன வாடகைக்கு எடுத்ததா?"

அந்த வருஷம் இருவருமே களைத்துப் போயிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் கல்லறைத் தோட்டத்துக் காவலாளி மூன்றாவது முறையாக மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். ஒல்லியான மனிதர். குறை சொல்ல வந்தவர் போலவே இல்லை, தானே ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல நின்றார்.

"மறுபடியும் மக்கர் பண்ணுதுண்ணே."

மெக்கானிக்குக்கு எரிச்சல் வரவில்லை. எரிச்சல்படக்கூடத் தெம்பு வேண்டுமே. ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்தார். உள்ளே இருந்த ஸ்பாஞ்ச் இஞ்சின் ஆயிலில் ஊறிச் சொதசொதவென்று இருந்தது. பிளக்கும் கன்னங்கரேல் என்று எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. முதல் முறையும் இதேதான். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றிவிட்டார்கள் என்று நினைத்துக் குறைத்து அனுப்பினார். இரண்டாம் முறை இஞ்சினையே பிரித்து மேய்ந்துவிட்டார். தேய்மானம் எதுவும் இல்லை. துடைத்துப் பூட்டியதும் ஒரே இழுப்பில் கிளம்பி, கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை கக்கிவிட்டு ஒழுங்காக ஓடியது.

"இங்க ஓடுது, அங்க போனா படுத்துக்குது" என்றாள் மனைவி. "நான் இழுத்து இழுத்து ஓஞ்சு போனேன். அங்கயே போய் என்னன்னு பாத்துட்டு வந்துடுங்க."

மெஷினைச் சுத்தம் செய்து பூட்டிக் காவலாளியோடு கிளம்பினார். அவர் தள்ள, இவர் பக்கத்தில் நடந்தார். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது.

கல்லறைத் தோட்டத்து வாயிலை ஒட்டி ஒரே ஓர் அறை. காவலாளி அதற்குள் மெஷினைத் தூக்கி வைத்ததும், யாரும் கேட்காமலே அதைப் பக்கவாட்டில் சாய்த்துச் சுவரோடு ஒட்டிப் படுக்க வைத்தார். ஏர் ஃபில்டர் இருக்கும் பக்கம் தரையில் பட்டது.

"இப்படித்தான் தினமும் வைக்கிறீங்களா?"

"ஆமாண்ணே. நிமித்தி வச்சா இவளுக்குப் போக வழியில்ல."

கட்டிலில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் கால் விளங்கவில்லை. நாலு கால் உள்ள அலுமினியத் தாங்கியைப் பிடித்துத்தான் குளியலறைக்குப் போக முடியும். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடம் தாங்கிக்கே சரியாக இருந்தது. வெளியே இருந்த சாமான் கொட்டகையிலிருந்து முன்பு ஒரு மெஷின் திருடு போய், பழி காவலாளி மேல் விழுந்ததாம். அன்றிலிருந்து இதை அவர் கண் மறைவில் வைத்ததே இல்லை.

மெக்கானிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். இஞ்சினையே பிரித்துப் பார்த்தும் கிடைக்காத விடை தரையில் படுத்துக் கிடந்தது.

"இந்தப் பக்கமாச் சாய்ச்சா அடியில இருக்கிற ஆயில் ஃபில்டருக்கு வந்துடும். அப்புறம் காத்துப் போகாது, எப்படிக் கிளம்பும்?"

"அப்ப அந்தப் பக்கமாச் சாய்ச்சுடறேண்ணே."

மெக்கானிக் பதில் சொல்லுமுன் மூக்கைச் சுளித்தார். அறையில் பெட்ரோல் வாடை. இரண்டடி தள்ளி ஸ்டவ். அதன்மேல் பால் பாத்திரம்.

"எந்தப் பக்கமும் வேண்டாம். இதைக் கூட வச்சுக்கிட்டா தூங்குறீங்க?"

"நானும் தலை வலிக்குது, தலை வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன்" என்றாள் அந்த அம்மாள். "நான் சொன்னா ஏறுதா இவருக்கு? இந்த வீட்டுல மெஷின்தான் மகராணி, நான் ஒண்டுக்குடி."

காவலாளி ஜன்னலைத் திறந்து விட்டார்.

மெக்கானிக் வீட்டுக்குத் திரும்பி, ஒரு பழைய இஞ்சினைக் கட்டி வைத்திருந்த தடித்த சங்கிலியையும் பூட்டையும் கழற்றி எடுத்துக்கொண்டார். ஒரு தகரத்தையும் சுருட்டிக் கட்டிக்கொண்டார். மனைவி தகரத்தின் மறுமுனையை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தாள். காவலாளியின் அறைக்கு வெளியே, ஜன்னலுக்கு நேர் கீழே மெஷினை நிமிர்த்தி வைத்து, சங்கிலியை அதன் கைப்பிடியில் நுழைத்து ஜன்னல் கம்பி வழியாக உள்ளே விட்டு, இரு முனைகளையும் கட்டில் காலில் பூட்டினார்கள். மேலே தகரத்தைச் சாய்த்துக் கட்டினார்கள். முடிப்பதற்குள் மெக்கானிக்குக்குத் தோளிலிருந்து விரல் நுனி வரை விண் விண் என்று தெறித்தது.

உள்ளே அந்த அம்மாள் தாங்கியைப் பிடித்து எழுந்து, காலியான இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "எவன் சங்கிலியை இழுத்தாலும் என் கட்டில் ஆடும். நான்தானே ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடக்கேன்" என்றாள். காவலாளி வெளியே போய்ச் சங்கிலியை இழுத்துப் பார்த்தார். ஆடுகிறது என்று அவள் உள்ளிருந்து குரல் கொடுத்தாள். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னொரு முறை இழுத்தார்.

அந்த மெஷின் அதற்குப் பிறகு பட்டறைக்கு வரவில்லை. காவலாளி மட்டும் ஒரு நாள் வந்து, ஓடுகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மெக்கானிக் இரண்டு நாள் கையைத் தூக்க முடியாமல் படுத்திருந்தார். வாசலில் மெஷின்கள் சேர்ந்துகொண்டே இருந்தன. மூன்றாம் நாள் காலை, ஒருவர் வந்து கயிற்றைக் காட்டி, "கொஞ்சம் இழுத்துப் பாருங்கம்மா" என்று சொல்வது அவர் காதில் விழுந்தது.

"கொண்டு வந்தவங்கதான் இழுக்கணும். இனிமே இங்க அதுதான் சட்டம்" என்றாள் மனைவி. "இழுங்க, நான் பிளக்கைப் பாக்கறேன். அவர் கொஞ்சம் படுத்திருக்கட்டும்."

அவர் புரண்டு படுத்தார். வெளியே அந்த ஆள் மூச்சு வாங்க இழுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.