மேன் என்று கூப்பிட்டால் வராத இரண்டு கணினிகள்

கணினி அறையைப் பார்த்துக்கொள்வது என்றால், இயந்திரம் செய்த தப்புக்கு மனிதர்களிடம் மன்னிப்புக் கேட்கும் வேலை. இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பதுளை டவுனில் உள்ள ஒரு பயிற்சி நிலையத்தில் என் பொறுப்பில் இருப்பவை ஆறு. ஆறும் கட்டளையை எழுத்தில் அடித்து வேலை வாங்கும் யுனிக்ஸ் வகை.

கூப்பிட்டும் வராதவர்

யுனிக்ஸில் ஒரு கட்டளைக்கு விளக்கம் வேண்டுமென்றால், 'மேன்' என்று அடித்துப் பக்கத்தில் அந்தக் கட்டளையின் பெயரை அடிக்க வேண்டும். விளக்கப் பக்கம் திறக்கும். நான்கில் திறந்தது. வாசல் பக்கத்து இரண்டு மட்டும் அப்படியொரு பக்கமே இல்லை என்றன. இருப்பதை இல்லையென்று சொல்ல இயந்திரம் எதற்கு? அதை எந்த அரசாங்கக் கந்தோரிலும் சும்மாவே சொல்வார்கள்.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் சந்திரகலா எங்களிடம் படித்தார். செய்முறைப் பரீட்சையில் தேறினால் அவருக்குத் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. தவறினால் மறுபடி கூடைதான். பரீட்சையில் புத்தகம் கூடாது, போன் கூடாது, மேன் மட்டுமே துணை. வாசல் பக்கத்துக் கணினியில் மூன்று தடவை அடித்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "மேன்னு கூப்பிட்டா பதிலே வரலைங்க ஐயா. எங்க வீட்டுலயும் இதே கதைதான்."

ஒளியப் பழகியவர்

எங்கள் விரிவுரையாளர் யாழ்ப்பாணத்துக்காரர். வந்து பார்த்துவிட்டு, கோளாறு ஷெல்லில் என்றார். நாம் அடிப்பதைக் கேட்டு இயந்திரத்துக்குச் சொல்லும் பகுதிதான் ஷெல்லாம். நான்கில் இருப்பது 'பாஷ்' என்று சொல்லி, அதன் நான்கு ஆங்கில எழுத்துகளையும் சந்திரகலாவும் பார்க்கப் போர்டில் எழுதிக் காட்டினார். மற்ற இரண்டில் இருப்பது வேறு ஷெல். விளக்கப் பக்கங்கள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் வரி பாஷுக்குப் புரிகிற விதத்தில் எழுதப்பட்டிருப்பதால், அந்த இரண்டுக்கும் அது விளங்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "சண்டை நேரம் ஷெல் எண்டா ஓடி ஒளிஞ்சு பழகின ஆள் நான். இப்ப அதைத் தேடிப் போய்த் திருத்தச் சொல்லுறியள்."

முன்னேற்றம்

அந்த வரியை இரண்டுக்கும் புரிகிற விதத்தில் மாற்றி எழுதினார். ஆறில் எதில் எந்த ஷெல் தொடங்கினாலும் முதலில் வாசிப்பது ஒரே கோப்பைத்தான். ஆகவே இரண்டிலும் பக்கம் உடனே திறந்தது, நான்கிலும் உடனே நின்றது. எண்ணிப் பார்த்து அவரிடம் மெதுவாகச் சொன்னேன். அவரும் ஒருமுறை எண்ணினார். "பழையபடி மாத்தி விடுறன் ஐயா. இவ்வளவு முன்னேற்றம் காணும், இதோட விடுவம்."

சீட்டில் விழுந்த இடம்

பரீட்சையன்று சீட்டுக் குலுக்கியதில் சந்திரகலாவுக்கு விழுந்தது வாசல் பக்கம். வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர், சீட்டில் விழுந்த இடத்தை மாற்ற முடியாது என்றுவிட்டார். நான் அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றேன். சந்திரகலா மேன் அடித்தார், பக்கம் இல்லை. பிறகு வேறு ஏதோ நான்கு ஆங்கில எழுத்து அடித்தார். மறுபடி மேன். பக்கம் திறந்தது.

யார் சொல்லித் தந்தது என்று பரீட்சகர் கேட்டார். எழுந்து நின்று சந்திரகலா சொன்னார்: "மொனராகலை பஸ்ல கண்டக்டருக்குத் தமிழ் புரியலைன்னா நாம பாஷைய மாத்திப் பேசுறதில்லைங்களா? சார் அன்னைக்கு போர்டுல பாஷைன்னு எழுதியிருந்தாரு, அதையே அடிச்சேன்."

இப்போது அவர் தொழிற்சாலை அலுவலகத்தில் இருக்கிறார். வாசல் பக்கத்து இரண்டும் இன்றைக்கும் கூப்பிட்டால் வருவதில்லை, அவற்றுக்காக மன்னிப்புக் கேட்பதை மட்டும் நான் நிறுத்திவிட்டேன்.