மெல்வின் கேட்ட பனி டயர்

ராயக்கோட்டை மெல்வினுக்குக் கோபம் வந்தால் ஹாரன் தேவையில்லை. தக்காளி லோடு அடித்து ஸ்டியரிங் பிடிக்கக் கற்றவர், இன்று ஓசூர் சிப்காட்டிலிருந்து உதிரிபாகங்களை ஊர் ஊராகக் கொண்டுபோகிறார். தை மாதத்தில் அவருக்கு ஸ்ரீநகர் லோடு விழுந்தது. போன குளிர்காலத்தில் அந்த வழியிலுள்ள பனிமலையில் லாரி பின்னோக்கி வழுக்கி, ஒரு பாறையின் தயவால் நின்றது. ஆகவே லாரி ஓனர் நாராயணப்பனிடம் பின் சக்கரங்களுக்கு தரையைக் கவ்வும் ஆழமான பட்டன் உள்ள புது டயரும், அதன்மேல் கட்டச் சங்கிலியும் கேட்டார்.

நாராயணப்பன் விஞ்ஞானத்தை மதிப்பவர். "பழசுலயே புது பட்டன் ஒட்டியாச்சேப்பா. டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டுப் பேசலாம்."

மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் பார்கள் வந்தன. பாதியை உடைத்து ஷெட் முன்னால் பரப்பினார்கள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் ஏற்றி, ராகு காலம் கழியட்டும் என்று வெயிலில் பயபக்தியோடு காத்திருந்தார்கள். ராகு காலம் கழிந்தது. ஐஸும் கழிந்திருந்தது. காலி லாரி மீன் வாடைத் தண்ணீரைக் கம்பீரமாகக் கடந்தது.

"பாத்தியா மெல்வினு? துளி வழுக்கல!"

"தண்ணிங்க அது! அதுல எங்கூட்டு எருமை கூட வழுக்காது!"

"டெஸ்ட்டு பாஸுப்பா."

மெல்வின் மிச்ச ஐஸை உடைத்து ஷெட் வாசல் சரிவில் கொட்டினார். "இப்பவே மேல ஏத்துறேன். ராகு காலம் வேணாம். நீங்க வண்டிக்குப் பின்னால வந்து நில்லுங்க ஓனரே."

நாராயணப்பன் இரண்டடி விலகினார். "வெளாடாத. எனக்குப் பொண்ணு இருக்குது."

"அப்ப எம்பொண்ணு பெனிஷா என்ன, ஸ்டெப்னியா?"

கேபினிலிருந்து தலையணையையும் அந்தோணியார் படத்தையும் எடுத்துக்கொண்டு மெல்வின் வீட்டுக்குப் போய்விட்டார்.

பனிக்குப் போக வேறு டிரைவர் சிக்கவில்லை. மறுநாள், "புது டயரு போட்டாச்சு, வா" என்று போன் வந்தது. டயர் கடை காலித் அப்போதுதான் ஜாக்கியை இறக்கியிருந்தார். டயர்கள் கறுகறுவென்று மின்னின. மெல்வின் காலித்தைப் பார்த்தார். காலித் ஆகாயத்தைப் பார்த்தார்.

மெல்வின் குனிந்து வண்டிக்கு அடியில் தலையை விட்டார். பின் சக்கரங்கள் ஜோடி ஜோடியானவை. வெளிப்பக்கம் இருந்தவை மட்டும் புதுசு. உள்பக்கம் அதே ஒட்டு டயர்கள்.

"உள்ள இருக்கறது யாரு கண்ணுக்குத் தெரியும்?" என்றார் நாராயணப்பன், நியாயமாக.

"பனிக்குத் தெரியுங்க!" என்று மெல்வின் போட்ட சத்தத்தில் பக்கத்து கம்பெனி வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டார்.

சாவியை மெல்வின் தொடவில்லை. லாரி இன்னும் ஷெட்டிலேயே நிற்கிறது. வெளியிலிருந்து பார்க்க மிகவும் லட்சணமாக இருக்கிறது.