மெய்யை முன்னால் வை

மதினி அன்று திரையில் அடித்திருந்தது பெரும்பாலும் உயிரெழுத்துகள்தான். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து மலைமேல் எங்கள் ஊரான பூண்டிக்குத் திரும்பிய மறுநாள் காலை அது. கழுத்திலிருந்து தொங்கிய துணியில் வலக்கை உணர்வில்லாமல் கிடந்தது. பழக்கத்தில் ஒரு திருமண அழைப்பின் முதல் வரியை அடிக்கப் போயிருக்கிறாள். நாங்கள் பயன்படுத்தும் தமிழ் விசைப்பலகையில் உயிர்கள் இடக்கைப் பக்கம், மெய்கள் அநேகமாக வலக்கைப் பக்கம். இடக்கை தன் பங்கை அடித்துவிட்டது. மற்றது வரவில்லை. ஒரு இ, ஒரு உ, எதிலும் சேராத புள்ளி. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கணினியை அணைத்தாள்.

ஊரில் அழைப்பிதழ், மனு, கோயில் கொடை நோட்டீஸ் எல்லாம் மதினி அடித்தவைதான். பழனியில் ஓர் அச்சகத்துக்கும் வீட்டிலிருந்தே அடித்து அனுப்புவாள். அந்த அச்சகத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போதுதான் மலைப்பாதையில், பனிமூட்டத்தில், ஜீப் தடுப்புச் சுவரில் மோதிக் கவிழ்ந்தது. ஓட்டி வந்தது அவள் கணவன், என் அண்ணன். அவனுக்கு நெற்றியில் ஒரு கீறல், அவ்வளவுதான். மதினிக்குத் தோளிலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் அறுந்துவிட்டன.

அவள் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பனியில யாருதான் என்ன செய்ய முடியும்" என்று வந்தவர்களிடம் அவளே சமாதானம் சொன்னாள். ஆனால் அவன் சோற்றைப் பிசைந்து வைத்தால் பசியில்லை என்பாள். தலைவார வந்தால் நகர்ந்துகொள்வாள். கோபப்படாத அந்த வீட்டில் ஒரு வாரம் இருப்பதே எனக்குக் கனமாக இருந்தது. அச்சகமும் வேறு ஆள் பார்த்துக்கொண்டது.

நான் கோயம்புத்தூரில் கணினி வேலை பார்ப்பவள். விசைகளை இடம் மாற்றித் தருகிற ஒரு சின்ன மென்பொருள் எனக்குத் தெரியும். சில மாதம் கழித்து அடுத்த முறை போனபோது அதைப் போட்டுக் கொடுத்தேன். இடைவெளி விசையைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்தால் வலப்பக்கத்து எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடப்பக்கம் வந்துவிடும். வலது சுட்டுவிரல் அடித்ததை இடது சுட்டுவிரல் அடிக்கலாம். மதினி மரியாதைக்குக் கேட்டுக்கொண்டாள். "இருக்கட்டும் புள்ள, பிறகு பாக்கலாம்" என்று உள்ளே போய்விட்டாள்.

கேட்டுக்கொண்டிருந்த அண்ணன், "இது அவளுக்குச் சரிப்படுமா பாப்பா?" என்றான்.

"அடிச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

மறுநாள் வெள்ளனே விழிப்புத் தட்டியபோது முன்னறையில் விசைச் சத்தம். எட்டிப் பார்த்தேன். பூண்டுக் காட்டு வேலையைத் தவிர வேறொன்றும் அறியாத அண்ணன் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தான். வலக்கையை முதுகுக்குப் பின்னால் வளைத்துத் துண்டால் இடுப்போடு கட்டியிருந்தான். இடக்கையின் ஒவ்வொரு விரலாக வைத்து, எழுத்தைத் தேடி, உதடு அசைய அடித்துக்கொண்டிருந்தான். நான் பேசுவதற்குள் மதினி என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

"கைய அவுங்க."

அவன் திரும்பினான். "இல்ல, எந்த விரலு வலிக்குதுன்னு..."

"அவுங்கன்னு சொல்றேன்ல!" அவள் இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "ஒங்களுக்கு ரெண்டு கையும் இருக்கு. இருக்குற கையக் கட்டிப் போட்டு யாருக்குக் காட்டுறீங்க?"

இடக்கையால் முடிச்சை அவிழ்க்க அவனுக்கு வரவில்லை. அப்படியே தலையைக் குனிந்துகொண்டான்.

"பனியில்ல. கண்ணசந்துட்டேன்" என்றான்.

"தெரியும்" என்றாள் மதினி. "பக்கத்துலதான இருந்தேன். நீங்களாச் சொல்வீங்கன்னு இத்தன நாளும் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அப்புறம் அழுதாள். அழுதுகொண்டே வைதாள். எத்தனையோ மாதங்களாக உள்ளே கிடந்தது எல்லாம் வந்தது. நான் அடுப்படிக்குப் போய்க் காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன். திரும்பி வந்தபோது துண்டு தரையில் கிடந்தது. நாற்காலியில் மதினி உட்கார்ந்து இடக்கையால் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ வச்சது தப்பு புள்ள" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எழுத்துக்கு எழுத்து மெய்தான் வருது. அதுக்குப் போயி அழுத்திப் பிடிக்கச் சொன்னா பெருவிரலு செத்துப்போகும். மெய்ய முன்னால வை. உயிரு அழுத்திப் பிடிச்சா வரட்டும்."

அப்படியே மாற்றினேன். பழைய வேகம் அவளுக்கு வரவேயில்லை. ஆனாலும் ஊர் நோட்டீஸ்கள் மறுபடி அவளிடம் வந்தன. பழனி அச்சகமும் சின்னச் சின்ன வேலைகளை அனுப்பத் தொடங்கியது. அன்று பேசியதோடு அவர்களுக்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். சில நாள் இன்னும் முகம் திருப்பிக்கொள்வாள். ஆனால் இப்போது அது எதற்கென்று இருவருக்கும் தெரியும்.

போன மாதம் போனபோது மதினிக்குக் காய்ச்சல். போர்த்திப் படுத்துக்கொண்டு ஒரு காதுகுத்து அழைப்பை வரிவரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணன் அடித்தான். அவன் கற்றுக்கொண்டது அவளுக்காக மாற்றிய அந்த ஒற்றைக்கை விசைப்பலகையைத்தான். இடக்கை தடுமாறாமல் ஓடியது. பூண்டு மண் ஏறிய வலக்கை மடிமேல் சும்மா கிடந்தது.

"அந்தக் கையும் சேத்து அடிங்க, வெரசா முடியும்ல" என்றாள் மதினி.

"அது பழகலயே" என்றான் அவன்.

அவள் அடுத்த வரியைச் சொன்னாள்.