அவசரம் என்ற சொல்லை நான் படித்த விதம்

தமிழ் படிக்கத் தெரியாமலேயே ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் தமிழ்ப் பிரிவுக்குப் பொறுப்பாளனாக உட்கார்ந்திருந்தேன். அந்த வெட்கக்கேடு வெளியே தெரியக்கூடாது என்பதற்காக ஓர் ஆசிரியையின் வேலையைக் கெடுத்தேன்.

சொல்லிவிட்டேன்... சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகும் என்பார்கள். ஆகவில்லை!

படிக்கத் தெரியாதவன் இதை எப்படி எழுதுகிறான் என்று நீங்கள் கேட்கலாம். பிறகு கற்றேன். நாற்பதைத் தாண்டிய வயதில், மகளுக்கு என்று பொய் சொல்லி அரிச்சுவடி வாங்கிக் கற்றேன். கற்ற பிறகுதான் நான் செய்தது எவ்வளவு பெரிய பாவம் என்று முழுதாகத் தெரிந்தது. அறியாமை எத்தனை சுகமானது!

நான் மட்டாஞ்சேரிக்காரன். நகராட்சித் துப்புரவு வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பம் எங்களுடையது. வீட்டில் தமிழ்தான். "சாயா குடிச்சிட்டுப் போடா", "கப்பை வெந்துச்சா பாரு" என்கிற எங்கள் தமிழ். பள்ளிக்கூடமோ மலையாளம். வாய்க்கு ஒரு மொழி, கைக்கு ஒரு மொழி என்று வளர்ந்தவன் நான். இங்கே என்னைப்போல் நூறு பேர் உண்டு. ஆனால் அவர்களில் ஒருவரும் தமிழ்ப் புத்தகங்களுக்குக் காவல் உட்காரவில்லை.

பல்கலைக்கழகத்தின் மட்டாஞ்சேரி மையத்தில் தமிழ்ப் பாடம் தொடங்கியபோது, தலைமை நூலகர் என்னை அழைத்து, "தமிழ் அறியுமோ?" என்று கேட்டார். "அறியும்" என்றேன். பொய்யா அது? பேசத் தெரியுமே! படிக்கத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் வேறு மையத்துக்கு மாற்றியிருப்பார்கள். வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வேலை... விட மனம் வருமா, நீங்களே சொல்லுங்கள்!

ஆழம் தெரியாமல் காலை விட்டேன். எப்படிச் சமாளித்தேன் தெரியுமா? அட்டையின் நிறத்தை வைத்து. முதுகில் ஒட்டிய எண்ணை வைத்து. மாணவர்கள் யாராவது வந்தால், "கண்ணாடி கொண்டுவர மறந்துட்டேன், இதென்ன தலைப்புன்னு வாசிச்சுச் சொல்லு" என்று நடித்து. தமிழில் பாதி எழுத்துகள் மலையாள எழுத்துகளின் சொந்தக்காரர்கள் என்பதால் கொஞ்சம் கூட்டிக் கூட்டிப் பார்த்து... அரைக் கிணறு தாண்டிக்கொண்டே இருந்தேன்.

பாடம் நடத்த வந்தவர் பொற்கொடி டீச்சர். திருச்சிப் பக்கம். நிரந்தர வேலை இல்லை, விருந்தினர் ஆசிரியர். ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் துறைத்தலைவர் வேண்டும் என்றால் இருக்கலாம், வேண்டாம் என்றால் மூட்டை கட்ட வேண்டும். அந்தச் சம்பளத்தில்தான் ஊரில் அவருடைய அம்மாவும் சாப்பிட வேண்டும். மலையாளத்தில் ஓர் எழுத்து தெரியாது அவருக்கு. முதல்நாள் என் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்துபோயிற்று.

"அப்பாடா! இங்க ஒருத்தராச்சும் நம்மாளு இருக்கீங்களே சார்! இனிமே எனக்குக் கவலையே இல்ல."

நம்மாளு... அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவு குளிர்ந்துபோனேன்!

ஆசிரியர்களுக்கு நாங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பாடப் புத்தகங்களை யாருக்கும் இரவல் தராமல் தனி அலமாரியில் வைக்க வேண்டும். கைக்கு எட்டாத அரிய புத்தகமென்றால் ஓர் இயலை மட்டும் ஸ்கேன் செய்து, அந்தப் பாடத்தின் இணையப் பக்கத்தில் ஏற்ற வேண்டும். ஓர் இயல்தான். அதற்குமேல் ஏற்றப் பதிப்புரிமை விடாது.

டீச்சர் ஒரு பழைய கட்டுரைப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். நூலகத்தில் ஒரே பிரதிதான். "இதுல ஏழாவது இயல ஏத்திடுங்க சார். பிள்ளைங்களுக்குத் தேர்வு அதுலதான்" என்றார். தலையாட்டினேன்.

அந்தப் புத்தகத்தில் இயல்களின் எண்கள் இலக்கத்தில் இல்லை. எழுத்தில் இருந்தன. ஏழு என்று ஓர் இடம், எட்டு என்று ஓர் இடம். முதல் எழுத்தை மட்டும் பார்த்தேன். ஏ, எ... ஒரு சின்னக் கோடு! முதலிலிருந்து எண்ணிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எண்ணவில்லை. எட்டை ஏழு என்று ஏற்றிவிட்டுச் சாயா குடிக்கப் போனேன்.

இதுவரை நடந்தது பிழை. பிழையை மன்னிக்கலாம். இனி வருவதைக் கேளுங்கள்.

டீச்சரின் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போய், அவர் ஊருக்கு ஓடினார். சனிக்கிழமை விடுமுறை. கடைத்தெருவில் கரிமீன் விலை பேசிக்கொண்டிருக்கும்போது அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. முழுக்கத் தமிழில்! எனக்கு வியர்த்துவிட்டது. கண்ணை ஓட்டினேன். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் ஒரு சொல்... கொம்பில்லை, காலில்லை, சுழியில்லை. அ... வ... ச... ர... ம்!

படித்துவிட்டேன்! யார் உதவியும் இல்லாமல் ஒரு முழுத் தமிழ்ச் சொல்லை நானே படித்துவிட்டேன்! மீன்காரச் சேட்டனிடம் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

சிரிக்காதீர்கள். உங்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியும். எங்கள் வீட்டில் யாரும் அவசரம் என்று சொல்ல மாட்டார்கள். "அர்ஜென்ட்" என்போம், "தெரக்கு" என்போம். நான் அறிந்த அவசரம் மலையாளத்து அவசரம். அதற்குச் சந்தர்ப்பம் என்று பொருள். ஓஹோ, டீச்சர் ஏதோ சந்தர்ப்பம் கேட்கிறார்... அடுத்த ஆண்டும் வேலையில் வைத்துக்கொள்ளச் சிபாரிசு கேட்கிறார்போல என்று நினைத்தேன். விருந்தினர் ஆசிரியர்கள் எல்லாரும் யாரிடமாவது அதைக் கேட்கிறவர்கள்தானே!

போனிலேயே மொழிபெயர்த்துப் பார்க்கலாமே என்பீர்கள். பார்த்திருக்கலாம். ஒரு சொல்லைப் படித்துவிட்ட திமிர், பார்க்க விடவில்லை. 'இதெல்லாம் என்னிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது, பாவம்' என்று பெரியமனிதத்தனமாக ஓர் அனுதாபம் வேறு! போனைப் பையில் போட்டுவிட்டு மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை தேர்வு நடந்தது. பிள்ளைகள் படித்தது எட்டாவது இயல். கேள்வி வந்தது ஏழாவதிலிருந்து. அழுதுகொண்டே வெளியே வந்தார்கள். "லைப்ரரியில மாத்தி ஏத்துவாங்கன்னு டீச்சர் சொன்னாங்க" என்று துறைத்தலைவரிடம் முறையிட்டார்கள். அவர் என்னைக் கூப்பிட்டார். டீச்சர் இன்னும் ஊரிலிருந்து திரும்பவில்லை.

"டீச்சர் மெசேஜ் அயச்சோ?" என்றார்.

அனுப்பினார் என்று போனை நீட்டினேன். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார். "எந்தா முருகேசா இதில்? வாயிக்கு."

வாசி என்கிறார்! அந்த அறையில் தமிழ் அறிந்தவன் என்று பெயரெடுத்தவன் நான் ஒருவன். என் கண்முன்னே எறும்பு ஊர்வதுபோல அந்த எழுத்துகள்... எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல். அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

"ஒரு அவசரம் சோதிச்சதாணு, சாரே. அடுத்த கொல்லத்தேக்கு."

அடுத்த ஆண்டுக்கு ஒரு சந்தர்ப்பம் கேட்டிருக்கிறார் என்றேன். அவசரம் என்பதையாவது தப்பாகப் புரிந்துகொண்டேன். அடுத்த ஆண்டு என்பதை எங்கே படித்தேன்? எங்கும் இல்லை! நானே உண்டாக்கினேன். படிக்கத் தெரியாத இடத்தை என் கற்பனையால் நிரப்பினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைச் செய்தேன்.

துறைத்தலைவர் உதட்டைப் பிதுக்கினார். பிள்ளைகளின் பரீட்சை நேரத்தில் இவருக்குத் தன் காரியம்தான் பெரிதா என்றார். நான் மறுத்துப் பேசவில்லை.

அந்த மாதக் கடைசியில் மைத்துனனின் நிச்சயதார்த்தத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தோம். விருந்து முடிந்ததும் மாமனாருக்கு நெஞ்சு வலிக்கிறது என்றார்கள். காரில் போட்டுக்கொண்டு ஓடினோம். மருத்துவமனை வாசலில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் தவிக்கும்போது, சிவப்பில் ஒரு பெரிய பலகை. கூட்டிப் படித்தேன். அ, வ, ச, ர... அவசர சிகிச்சைப் பிரிவு. அதன் கீழே ஆங்கிலத்தில் எமர்ஜென்சி.

மாமனாரை உள்ளே கொண்டுபோனார்கள். நான் அந்தப் பலகைக்குக் கீழேயே நின்றுவிட்டேன். மாமனாருக்கு வெறும் வாய்வுதான். எனக்குத்தான் உயிர் போய்விட்டது.

அங்கேயே போனை எடுத்து, முதல் தடவையாக, அந்தச் செய்தியை மொழிபெயர்க்கவிட்டேன். இப்போது அதைத் தமிழிலேயே மனப்பாடமாகச் சொல்வேன். "சார், ஏழாவது இயலுக்குப் பதிலா எட்டாவது ஏறியிருக்கு. திங்கட்கிழமை தேர்வு. அம்மாவ ஐ.சி.யூ.ல வச்சிருக்காங்க, என்னால வர முடியல. புத்தகம் உங்ககிட்ட மட்டுந்தான் இருக்கு. உங்களத்தான் நம்பியிருக்கேன். ரொம்ப அவசரம்."

உங்களைத்தான் நம்பியிருக்கேன்... நான் தமிழன் என்பதால் என்னை நம்பினார். அந்தத் தகுதியே பொய்!

இங்கே நான் உங்களை ஒன்று கேட்க வேண்டும். அன்றுவரை எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். அன்றைக்குப் பிறகு? அடுத்த ஆண்டு யார் இருப்பது, யார் போவது என்று துறைத்தலைவர் இன்னும் முடிவு செய்யவில்லை. அவர் அறைக்குப் போய், "சாரே, எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தப்பு என்னுடையது" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

போனேன். கதவுவரை போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன்... மறுபடி வந்தேன். மாற்றிவிடுவார்கள் என்ற பயம் ஒருபக்கம். அதைவிட, சிரிப்பார்களே! தமிழனுக்குத் தமிழ் தெரியாதாம், அவன் தமிழ்ப் பிரிவுக்குப் பொறுப்பாம் என்று சாயாக்கடைவரை சிரிப்பார்களே! அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் ஒருத்தியின் சோற்றில் மண்ணைப் போட்டேன். கோழை. வேறு என்ன பெயர் எனக்கு?

டீச்சரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

போகிறவர்கள் நூலகத்தில் பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். அதற்கு வந்தார். இளைத்திருந்தார். அம்மா எப்படி என்று கேட்டேன். "இருக்காங்க சார், படுக்கையிலதான்" என்றார். நான் கையெழுத்துப் போட்டேன், ஆங்கிலத்தில்.

"சார்... அன்னிக்கி நான் அனுப்பின மெசேஜ் வந்துச்சா? பார்த்த மாதிரி காட்டுச்சே."

அப்போதாவது சொல்லியிருக்கலாம்! என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "மக போன எடுத்து விளையாடுவா டீச்சர். அவ தொறந்திருப்பா. நான் பாக்கவே இல்ல." பெற்ற மகளைக் குற்றவாளியாக்கினேன்.

"ஓ... நான் போன் பண்ணியே சொல்லியிருக்கணும். என் தப்புதான் சார்" என்றார் அவர். என்மேல் துளி சந்தேகமும் இல்லை. அறைந்திருந்தால் தேவலை.

வாசல்வரை கூடவே போனேன். அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் நின்று, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்க சார். உங்களுக்கு நாலு பேரைத் தெரியும். எனக்கு ஏதாவது வாய்ப்பு இருந்தா பாருங்க."

வாய்ப்பு... என் காதில் விழுந்தது வாய்ப. மலையாளத்தில் அதற்குக் கடன் என்று பொருள். அடடா, பணம் கேட்கிறாரே, மாதக் கடைசியாயிற்றே என்று மனம் கணக்குப் போட்டது. அவரைப் பார்க்காமலேயே சொன்னேன்: "இப்போ கையில ஒண்ணும் இல்லியே டீச்சர்."

ஒரு கணம் என்னைப் பார்த்தார். "சரி சார், இருந்தா சொல்லுங்க" என்று படியிறங்கிப் போய்விட்டார். எனக்குப் பெரிய ஆறுதல்! தப்பித்தேன் என்று பெருமூச்சு விட்டேன்.

வெகுநாள் கழித்து அரிச்சுவடி முடிந்து, செய்தித்தாளைக் கூட்டிக் கூட்டிப் படிக்கிற நாளில், 'வேலைவாய்ப்பு' என்ற சொல் வந்தது. அகராதியைப் புரட்டினேன். அதற்குப் பிறகு அன்று இரவு என்னால் சாப்பிட முடியவில்லை. என் மனைவி என்ன என்று கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை.

ஏனென்றால்... இதையும் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். பாலக்காட்டுப் பக்கத்துக் கல்லூரி ஒன்றுக்குத் தமிழ் நடத்த விருந்தினர் ஆசிரியர் வேண்டும் என்ற அறிவிப்பை, டீச்சர் கையெழுத்து வாங்க வந்த அன்று காலைதான் அந்தப் பலகையில் குத்தியிருந்தேன். நானே, என் கையால். மலையாளத்தில் இருந்தது. பொற்கொடி டீச்சர் அதன் தோளோடு தோளாக நின்றுகொண்டுதான் என்னிடம் வாய்ப்புக் கேட்டார். நான் கையில் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.